குரங்கில் தொடங்கி நரியில் முடியும்

முதல் நாள், ஏப்ரல் 28

காலையில் கான்சாய் விமான நிலையத்தில் இறங்கி, ரயில் பிடித்து, பத்து மணிக்கெல்லாம் கியோட்டோ வந்துவிட்டேன். இங்கே ஆராய்ச்சிப் படிப்பில் இருக்கும் அக்கா மகள் ஸ்டேஷனுக்கே வந்திருந்தாள். இந்த ஐந்து நாளும் எனக்குக் காதும் வாயும் அவள்தான்.

எதற்காக வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் நோ நாடகத்தை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். கனத்த பட்டு உடை, வெளுத்த பெண் முகமூடி, தரையைத் தேய்த்தபடி மெல்ல நகரும் பாதம். அதே மேடையில், ஒரு நோவுக்கும் அடுத்த நோவுக்கும் இடையில் ஆடப்படுவது கியோகென். அது சிரிப்பு நாடகம். முட்டாள் பிரபு, வேலைக்கு டிமிக்கி கொடுக்கும் வேலைக்காரன், மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகப் போய்த் தடுமாறும் மாப்பிள்ளை, மந்திரம் பலிக்காத மலைத்துறவி, இவர்கள்தான் அதன் ஆட்கள். இரண்டும் 600 ஆண்டுகளுக்கு மேலாக ஒரே கூரையின் கீழ் வாழ்கின்றன. யுனெஸ்கோ 2001இல் இரண்டையும் சேர்த்தே உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. ஆனால் நோ முகமூடிகளைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். கியோகென் முகமூடிகள் காட்சிப் பெட்டியின் ஓரத்தில் இரண்டோ மூன்றோ கிடக்கும். எனக்கு அந்த ஓரம்தான் வேண்டும் என்று பல வருடமாக ஆசை.

மதியம் நகரத்தின் மேற்கே, ஒரு முகமூடிக் கலைஞரின் வீட்டுக்குப் போனோம். எழுபதைத் தாண்டியவர். வீட்டின் முன்னறையே பட்டறை. செருப்பைக் கழற்றும்போதே மரவாசனை வந்தது. ஹினோகி என்கிற சைப்ரஸ் வகை மரம். கோயில் கட்டவும் இதுதான், முகம் செய்யவும் இதுதான். நெற்றிக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று என்று அட்டையில் வெட்டிய அளவுத் தகடுகளை மரத்தில் வைத்து வைத்துப் பார்த்து உளியால் எடுக்கிறார். பின்பக்கத்தையும் குடைந்து மெலிதாக்க வேண்டும். பிறகு சிப்பி ஓட்டைப் பொடித்த வெள்ளைச் சுண்ணத்தை வஜ்ஜிரத்தில் குழைத்து, பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி... அதன் மேல்தான் நிறம் ஏறும். இந்த வேலையைச் செதுக்குவது என்று சொல்வதில்லையாம். முகத்தை ‘அடிப்பது’ என்கிறார்கள். முகமூடி என்ற சொல்லையும் அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ‘ஓமொத்தே’ என்றே சொன்னார். வெளிப்புறம், முகப்பு, முகம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான்.

துணி விரித்து நான்கை வரிசையாக வைத்தார். காதோரம் கயிறு கோக்கும் துளையருகே மட்டும் பிடித்துத் தூக்க வேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது.

முதலாவது புஆகு. அரக்கன். மேல்பற்கள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருக்கின்றன; ஆனால் கண்களின் வெளிமுனை சரிந்து தொங்குகிறது. நோவில் வாயை இறுக மூடி மிரட்டும் ஒரு பூத முகம் உண்டு. அதையே எடுத்து, கண்ணைத் தளரவிட்டால் இந்த முகம் வந்துவிடுகிறது. இரண்டாவது உசோபுகி. சீட்டி அடிப்பதுபோல் குவிந்து நீண்ட வாய், விழித்த கண். கொசுவின் ஆவிக்கும் காளானின் ஆவிக்கும் சோளக்கொல்லைப் பொம்மைக்கும் இதுதான் முகம். கொசுவாக வரும்போது அந்தக் குவிந்த வாயில் காகிதத்தைச் சுருட்டிச் செருகிக்கொள்வார்களாம். மூன்றாவது கெந்தொகு. பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு பக்கமாகப் பார்க்கும் கண்கள். குதிரை, மாடு, நண்டு எல்லாம் இதையே போட்டுக்கொள்ளும். நான்காவது ஓதோ: புடைத்த நெற்றி, உப்பிய கன்னம், அமுங்கிய மூக்கு. அழகில்லாத பெண்.

நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு நாடகத்தின் முகங்கள் என்றால் இளித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்து வந்திருந்தேன். ஓதோவைத் தவிர ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. புஆகுவைப் பார்த்தால் யாரோ அதட்டிவிட்ட பிள்ளை மாதிரி இருக்கிறது.

“சித்தி, இதில் ஒரு விஷயம் கவனிச்சீங்களா? மனுஷங்களுக்கு முகமூடியே இல்லையாம்” என்றாள் அக்கா மகள். அதைத்தான் அவர் இவ்வளவு நேரம் விளக்கிக்கொண்டிருந்திருக்கிறார். கியோகெனில் 200க்கு மேல் நாடகங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் எல்லோரும் வெறும் முகத்தோடுதான் வருகிறார்கள். பெண் வேடம்கூட, தலையில் நீளமான வெள்ளைத்துணியைச் சுற்றி இரு முனையையும் தொங்கவிட்டுக்கொண்டு, வெறும் முகம். கடவுள், அரக்கன், விலங்கு, பூச்சி, ஆவி, இவற்றுக்குத்தான் ஓமொத்தே. கூடவே, சில கிழவர்களுக்கும் அழகில்லாத பெண்ணுக்கும். அந்தக் கடைசி வரி எனக்கு உறுத்தியது. மனிதர்களின் வரிசையிலிருந்து அவர்களை வெளியே நிறுத்தியது யார்?

இரவு படுக்கப் போகுமுன் ஒரு கதை. மனிதன் முகமூடி போடும் நாடகங்களும் உண்டு, ஏமாற்றுவதற்காக. ‘ஷிமிஸு’ என்ற நாடகத்தில், ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னதற்குச் சலித்துக்கொண்ட வேலைக்காரன் தாரோ காஜா, அங்கே பேய் இருக்கிறது என்று பொய் சொல்லித் திரும்பி வருகிறான். முதலாளி நேரில் பார்க்கப் போகும்போது, இவனே அரக்க முகத்தைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்று உறுமுகிறான். உயிரோடு விடுவதற்கு அரக்கன் போடும் நிபந்தனை என்ன தெரியுமா? தாரோ காஜாவுக்குக் குடிக்கச் சாகே என்கிற அரிசி மது கொடு, கோடையில் அவனுக்குக் கொசுவலை கட்டிக்கொடு. ஓர் ஏழை வேலைக்காரன் தன் கூலியைக் கேட்க அரக்கனின் முகம் தேவைப்பட்டிருக்கிறது. குரலை வைத்து முதலாளி கண்டுபிடித்துவிடுகிறான். கொசுவலை கிடைத்திருக்க வேண்டும் என்று எனக்கு மனதார ஆசையாக இருக்கிறது.

இரண்டாம் நாள், ஏப்ரல் 29

இன்று மிபு கோயில். பயணத் தேதியையே இதற்காகத்தான் குறித்தேன். ஓமியா ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிட நடை. ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஏழு நாளும் இங்கே ‘மிபு கியோகென்’ நடக்கும்.

பெயர்தான் கியோகென். நோ மேடையின் கியோகெனுக்குப் பேச்சுத்தான் உயிர். இங்கே ஒரு வார்த்தைகூடக் கிடையாது. எல்லோருக்கும் முகமூடி உண்டு, மனிதருக்கும். 1300ஆம் ஆண்டு எங்ககு என்ற துறவி இங்கே பெருங்கூட்டத்துக்கு அறம் சொல்ல முனைந்தபோது, குரல் கடைசி வரிசைக்கு எட்டாததால் சைகையாலேயே சொல்லத் தொடங்கினார் என்று கோயில் வரலாறு சொல்கிறது. ஆடுகிறவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். இந்த வட்டாரத்துக்காரர்கள், சிறுவர்கள் முதல் தாத்தாக்கள் வரை. இன்னார் இன்ன வேடம் என்று அறிவிப்பதும் இல்லை.

மேடை ஒரு மாடியில் இருக்கிறது. 1856இல் திரும்பக் கட்டிய கட்டடம். நடுவில் முற்றம். எதிர்க் கட்டடத்தில் நாங்கள் படிப்படியாக உட்கார்ந்துகொண்டோம். படம் எடுக்கக் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்கு அது நல்லதாகப் போயிற்று, கண்ணால் மட்டும் பார்த்தேன். பகல் ஒரு மணிக்கு மணித்தட்டும் மத்தளமும் ஆரம்பித்தன. கன், தென் தென். கன், தென் தென். ஒரு குழல் கூடச் சேர்கிறது. நான்கரை மணி நேரம் இதே தாளம். ஊர்க்காரர்கள் இந்த விழாவையே ‘கன்தென்தென்’ என்றுதான் செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். அரை மணியில் காது அதைக் கேட்பதை விட்டுவிடுகிறது, மூச்சு பிடித்துக்கொள்கிறது.

தினமும் முதல் ஆட்டம் ‘ஹோராகுவாரி’. புதுச்சந்தையில் முதலில் வந்து கடை போடுகிறவருக்கு வரி கிடையாது என்று அதிகாரி பலகை வைக்கிறார். மத்தளம் விற்பவன் முதலில் வந்து தூங்கிப்போகிறான். பிந்தி வந்த மண்தட்டு வியாபாரி அவனை ஏமாற்றி முதலிடத்தைப் பிடித்துக்கொள்கிறான். கடைசியில் தட்டுக்காரன் தன் சரக்கையெல்லாம் மாடி விளிம்பில் அடுக்கடுக்காக வைக்கிறான். நிதானமாக, ஒவ்வொரு அடுக்காக. எதிரே நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். மத்தளக்காரன் வருகிறான். ஒரே தள்ளு. அடுக்குகள் சரிந்து கீழே முற்றத்தில் விழுந்து நொறுங்கி, செம்மண் புழுதி மாடி வரைக்கும் எழும்புகிறது.

அவை சாதாரணத் தட்டுகள் அல்ல. பிப்ரவரியில், குளிர் முடிந்து வசந்தம் பிறக்கும் செத்ஸுபுன் நாளில், பக்தர்கள் தங்கள் பெயரையும் வயதையும் எழுதிக் காணிக்கையாக வைத்தவை. உடைந்தால் அந்த ஆண்டுக்கான கெடுதல் போகும். எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், கடைசித் தட்டு விழும்வரை கைகூப்பியபடி இருந்தார். யாருடைய வயதை எழுதிக் கொடுத்தாரோ.

மூன்றாவதாக ‘ஒகெதோரி’ ஆடினார்கள். இதைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும். இடக்கையில் மூன்றே விரல் உள்ள ஓர் அழகான பெண், கோயிலுக்கு நீர் கொண்டுபோக வாளியோடு வருகிறாள். ஒரு பணக்காரன் அவள்மேல் ஆசைப்பட்டுப் பின்னாலேயே திரிகிறான். அவளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கும் சாக்கில் நெருங்குகிறான். இதற்குள் அவன் மனைவி வந்துவிடுகிறாள். நிறைமாத கர்ப்பிணி, அழகற்ற முகம். சண்டை. கணவன் அவளைத் தள்ளிவிட்டு மற்றவள் பின்னால் போய்விடுகிறான்.

கூட்டம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. மேடையில் அவள் ஒருத்திதான் மிச்சம். கண்ணாடியை எடுத்துப் பார்க்கிறாள். பொடி பூசிப் பார்க்கிறாள். திரும்பவும் கண்ணாடி. அந்த முகமூடியில் மரம் அசைய வழியில்லை. கழுத்து கொஞ்சம் தாழ்கிறது, அவ்வளவுதான். நெற்றியின் நிழல் கண்ணில் விழுகிறது. கன், தென் தென். சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் அக்கா மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த உடைக்குள் இருந்தவர் ஓர் ஆண். பகலில் கடை வைத்திருப்பவரோ அலுவலகம் போகிறவரோ. அவருக்கு அந்த அழுகையை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மற்ற ஆட்டங்களைப் பற்றி எழுதத் தோன்றவில்லை. சிலந்தி வெள்ளை நூலை வீசி வீசி எறிந்தது, குழந்தைகள் கத்தினார்கள்.

மூன்றாம் நாள், ஏப்ரல் 30

அந்தப் பெண்ணின் முகம் இரவெல்லாம் போகவில்லை. அதனால் திட்டத்தை மாற்றிக்கொண்டு சென்போன் ஷாகாதோ கோயிலுக்குப் போனோம்.

ஓதோவுக்கு இன்னொரு வடிவம் உண்டு, ஒகமே. உப்பிய கன்னம், சின்ன வாய், சிறுத்த கண்ணோடு ஜப்பானியக் கடைகளில் மங்கலப் பொருளாகத் தொங்கும் முகம். அவளுக்கு ஒரு கதையும் ஒரு கோயிலும் இங்கே இருக்கின்றன. 1227இல் எழுந்த இந்த மண்டபத்தைக் கட்டிய தலைமைத் தச்சர், நான்கு பெரிய தூண்களில் ஒன்றைத் தவறுதலாகக் குட்டையாக வெட்டிவிட்டார். அப்படிப்பட்ட மரம் இன்னொன்று கிடைக்காது. மனம் உடைந்தவரிடம் மனைவி ஒகமே, எல்லாத் தூண்களையுமே குறைத்துவிட்டு மேலே போதிகை வைத்து உயரத்தைச் சரிக்கட்டச் சொன்னாள். மண்டபம் நின்றது. ஆனால் பெண் சொல்லித்தான் வேலை முடிந்தது என்று வெளியே தெரிந்தால் கணவருக்கு இழுக்கு என்று நினைத்து, முகடு ஏற்றும் சடங்குக்கு முன்பே அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். அவர் அவளுடைய முகத்தைச் செய்து முகட்டில் சார்த்தினாராம். கியோட்டோத் தச்சர்கள் முகடு ஏற்றும்போது ஒகமே முகம் வைப்பது இன்றும் வழக்கம்.

ஓனின் போர் 1467 முதல் 1477 வரை இந்த நகரத்தைச் சாம்பலாக்கியது. இந்த மண்டபம் தப்பியது. நகரின் பழைய எல்லைக்குள் நிற்கும் மிகப் பழைய மரக்கட்டடம் இதுதான் என்கிறார்கள். தூண்களில் போர்க்காலத்து வெட்டுத் தழும்புகள் தெரிகின்றன. நான் அண்ணாந்து போதிகைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஓர் அறை நிறைய ஒகமே பொம்மைகள், நூற்றுக்கணக்கில், எல்லாம் சிரித்தபடி.

எனக்குக் கோபம் வந்தது, எழுதிவிடுகிறேன். மேடையில் ஓதோ வந்தால் ஆண்கள் அலறி ஓடுவார்கள். முக்காட்டை விலக்கியதும் உள்ளே இந்த முகம் இருப்பதுதான் அங்கே வேடிக்கை. வெளியே அதே முகம் குடும்பத்துக்கு நல்லது தரும் தெய்வம். உயிரோடு இருந்தபோது அவளுடைய யோசனையை அவள் பெயரில் சொல்ல முடியவில்லை. முற்றத்தில் ஒகமேவின் சிலை இருக்கிறது. அதன் முன் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தோம்.

நான்காம் நாள், மே 1

இன்று நோ அரங்கில் கியோகென். ஆறு மீட்டர் சதுர மேடை, கட்டடத்துக்குள்ளேயே அதற்குத் தனிக் கூரை, பின்சுவரில் ஒரே ஒரு பைன் மரம் வரைந்திருக்கிறது. இடப்பக்கம் நடிகர்கள் வரும் பாலம். முன் மூலையில் நிற்கும் தூண் பார்ப்பவர்களுக்கு இடைஞ்சல்தான். ஆனால் முகமூடியின் சிறு துளை வழியாகப் பார்க்கும் நடிகருக்கு, தான் எங்கே நிற்கிறோம் என்று சொல்வது அந்தத் தூண்தான். அதை எடுத்துவிட்டால் விழுந்துவிடுவார்கள்.

கியோகெனில் இன்று இரண்டு மரபுகள் இருக்கின்றன, ஓகுரா, இஸுமி. மூன்றாவதான சாகி மரபு மெய்ஜி பேரரசரின் காலத்தில் (1868–1912) தொழில்முறை மேடையிலிருந்து மறைந்தது. கியோட்டோவில் ஓகுரா மரபின் ஷிகெயாமா சென்கோரோ குடும்பம் பெயர்பெற்றது. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் ஆடுகிறார்கள் என்பதால் அவர்கள் கலையைத் ‘தோஃபு’, அதாவது சோயாப் பாலில் செய்யும் சாதாரணக் கட்டி, என்று ஏளனம் செய்தார்களாம். எந்த வீட்டுச் சாப்பாட்டிலும் சேரும், யாருக்கும் ஒத்துக்கொள்ளும், சுவையான தோஃபுவாகவே இருந்துவிட்டுப் போகிறோம் என்று அதையே கொள்கையாக வைத்துக்கொண்டார்கள். எனக்கு அவர்களை நேரில் பார்க்காமலேயே பிடித்துப்போயிற்று.

முதல் நாடகம் ‘காமினாரி’, இடி. தலைநகரில் பிழைப்பு ஓடாமல் கிழக்கே கிளம்பிய ஓர் அரைகுறை வைத்தியர் வெட்டவெளியில் நடந்துகொண்டிருக்கிறார். வானத்திலிருந்து இடித்தேவன் கால் தவறி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொள்கிறான். அவனுக்கு அரக்க முகம். வைத்தியர் நடுங்கியபடி அக்குபங்சர் ஊசி குத்துகிறார். இடித்தேவன் அலறுகிறான்! மூன்று நாட்களுக்கு முன் துணியில் பார்த்த அந்தத் தொங்கும் கண்கள் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. முகம் நேராக இருக்கும்போது பயமாக இருக்கிறது. வலியில் அண்ணாந்ததும் அந்தக் கண்கள் கெஞ்சுகின்றன. மேலே தூக்கினால் ‘வெளிச்சமாக்குவது’, கீழே தாழ்த்தினால் ‘மேகம் கவிய வைப்பது’ என்று நடிகர்கள் மொழியில் பெயர். வைத்தியக் கூலி கொடுக்க இடித்தேவனிடம் காசு இல்லை. 800 வருடத்துக்கு வெள்ளமும் வறட்சியும் வராது என்று வரம் கொடுத்துவிட்டு மேலே போகிறான்.

அடுத்தது ‘உத்ஸுபோசரு’. பிரபு வேட்டைக்குப் போகிறார். வழியில் குரங்காட்டி ஒருவனும் அவன் குரங்கும். குரங்கின் தோல் அழகாக இருக்கிறது, என் அம்பறாத்தூணிக்கு உறை போட வேண்டும், கொடு என்கிறார். மறுத்ததும் வில்லில் அம்பை ஏற்றுகிறார். வேறு வழியில்லை. அம்பு பட்டால் தோலில் ஓட்டை விழும், நானே ஒரே அடியில் கொன்று தருகிறேன் என்று குரங்காட்டி ஒத்துக்கொள்கிறான். குட்டியாக இருந்ததிலிருந்து வளர்த்ததைச் சொல்லிச் சொல்லிக் கோலை ஓங்குகிறான்.

குரங்கு ஒரு சிறுவன். நான்கு வயது இருக்கலாம். உடல் முழுக்க ரோம உடை, முகத்தில் சின்னஞ்சிறு குரங்கு ஓமொத்தே. வந்ததிலிருந்து ‘க்யா, க்யா’ என்று சொறிந்துகொண்டும் உருண்டுகொண்டும் இருந்தான். ஓங்கிய கோல் வித்தைக்கான சைகை என்று நினைத்து அதைப் பிடுங்கி, கற்றுக்கொடுத்தபடி படகு துடுப்புப் போட ஆரம்பித்தது குரங்கு.

குரங்காட்டி அழுதான். அவனுக்கு வெறும் முகம், எல்லாம் தெரிகிறது. குரங்கின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சாவு வந்து நின்றதே அதற்குத் தெரியாது. துடுப்புப் போட்டுக்கொண்டே இருக்கிறது. பிரபுவும் அழுதார், வில்லைக் கீழே போட்டார். பிறகு குரங்கு பாட்டுக்கு ஆட, பிரபு தன் விசிறியை, வாளை, கடைசியில் மேலுடையைக்கூடக் கழற்றிப் பரிசளித்துவிட்டு, குரங்குக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்து அதேபோல் ஆடுகிறார். அப்போது அரங்கம் சிரித்த சிரிப்பு வேறு மாதிரியானது. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கியோகென் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று நான்கு வயதில் இந்தக் குரங்காகத்தான் பெரும்பாலும் மேடையேறுகிறார்கள். ‘குரங்கில் தொடங்கி நரியில் முடியும்’ என்று அவர்களுக்கு ஒரு சொலவடையே இருக்கிறது. நரி என்றால் ‘த்ஸுரிகித்ஸுனே’, பொறியில் பிடித்த நரி. அதை ஆடி முடித்தால்தான் ஒருவர் முழு நடிகர். நாளை அந்த நரியின் ஊருக்கு.

ஐந்தாம் நாள், மே 2

ஒசாகா போய், அங்கிருந்து ஹன்காய் டிராமில் சாகாய். ஒற்றைப் பெட்டி டிராம், வீட்டுப் பூந்தொட்டிகளை உரசுவதுபோல் போகிறது. ஷோரின்ஜி என்ற சிறிய கோயில். வேறு யாரும் இல்லை.

நாடகத்தின் கதை இது. வேடன் ஒருவன் பொறி வைத்து நரிகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். தன் கூட்டம் முழுவதையும் இழந்த கிழநரி, வேடனின் மாமாவான ஹாகுஸோசு என்ற துறவியாக உருமாறி அவன் வீட்டுக்கே வருகிறது. நரியைக் கொன்றால் பழி சுற்றும் என்று கதை சொல்லி அவன் மனதை மாற்றுகிறது. அவனும் பொறியைத் தூக்கி எறிகிறான். திரும்பும் வழியில் கிழநரி அந்தப் பொறியைப் பார்க்கிறது. உள்ளே எண்ணெயில் பொரித்த எலி. வாசனை. தன் பிள்ளைகளைக் கொன்ற பொறி என்று தெரியும். போகிறது, திரும்புகிறது, போகிறது, திரும்புகிறது. கடைசியில் வேடத்தைக் களைந்துவிட்டு வந்து தின்பதாகச் சொல்லி ஓடுகிறது. நரியாகவே திரும்பி வந்து மாட்டிக்கொள்கிறது.

நடிகர் முதல் பாதியில் நரி உடைக்கு மேல் துறவி உடையைப் போட்டுக்கொண்டு, துறவியின் ஓமொத்தே அணிந்து, குறுகிக் குனிந்த நிலையிலேயே நீண்ட நேரம் நடிக்க வேண்டும். மனிதன் நரியாக வருகிறான், அந்த நரி மனிதனாக வருகிறது. வியர்வையில் நனைந்த இரண்டு உடைகளுக்குள், ஒரு மரமுகத்துக்குப் பின்னால், எலி வாசனைக்குத் திரும்பும் கழுத்து மட்டும் நரியுடையதாக இருக்க வேண்டும். நான்கு வயதில் ஒன்றும் அறியாத குரங்காக இருந்த பிள்ளை, எல்லாம் அறிந்தும் பொறிக்குள் போகும் நரியாகும் வரைக்கும் இருபது வருடமோ அதற்கு மேலோ ஆகிறது.

ஹாகுஸோசு இந்தக் கோயிலில் இருந்த துறவி என்றும், மூன்று கால் நரி ஒன்றை வளர்த்தார் என்றும் சொல்கிறார்கள். அந்த வேடம் ஏற்கும் நடிகர்கள் இங்கே வந்து வணங்கி, வளாகத்து மூங்கிலை வெட்டிக்கொண்டுபோய், மேடையில் துறவியின் கைத்தடியாகப் பிடிப்பது வழக்கம்.

மூங்கில் புதர் பெரியதல்ல. அக்கா மகள்தான் குனிந்து காட்டினாள். அடியில் வெட்டுப்பட்ட கணுக்கள். பலவும் வெயிலில் சாம்பல் நிறமாகி, மழைநீர் தேங்கிக் கிடந்தன. ஒன்றின் வெட்டுவாய் மட்டும் இன்னும் பச்சையாக இருந்தது.